ஏழாம் நம்பர் பில்லை

அந்த மேஸ்திரி செத்து எத்தினியோ வருஷம் ஆச்சு. செத்தவனைத் திட்டாதேன்னு வூட்ல சொல்றாங்க. நான் திட்டுவேன். காலைல பல்லு விளக்கறப்ப அவன் ஞாபகம் வந்தா, வாய்ல இருக்கறதோட சேத்து அவனையும் துப்பிட்டுத்தான் மறு வேலை.

நான் சொல்றது சண்டை நடந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோட நம்ம பக்கம் வந்து எறங்குச்சு. ஆவடியில மிலிட்டரிக்காரங்க கழனியெல்லாம் வளைச்சு கொட்டாய் கொட்டாயா போட்டாங்க. பூந்தமல்லி பக்கத்துல நான் வேலை செஞ்ச ஆஸ்பத்திரி சின்னது. பிரசவ வார்டுல ஆறே கட்டில். அந்த ஆறு கட்டிலுக்கு வெளிய வராந்தாவுல பாய் போட்டு வேற படுத்துக் கெடந்தாங்க. பாக்கறதுக்கு ஆளு இல்ல. இருந்த மூணு நர்சம்மாவுல ரெண்டு பேரை மிலிட்டரி கூட்டிக்கினு போயிடுச்சு. மூணாவது அம்மா கல்யாணம் கட்டிக்கினு பெங்களூர் போயிட்டாங்க. புதுசா வந்த டாக்டரம்மாவுக்கு மூணு ஊரு ஆஸ்பத்திரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டார்ல வருவாங்க, வந்த கால் தரையில பாவாது, போயிடுவாங்க.

நான் கழனி வேலை செய்யற வூட்ல பொறந்தவ. ஆயாவா சேந்து, பெருக்கித் தொடச்சு, அந்த மூணு நர்சம்மா பின்னாடியே எட்டு வருஷம் நின்னு நின்னு பிரசவ வேலை கத்துக்கினேன். எழுதப் படிக்கவும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு யாரும் பட்டம் குடுக்கல. ஆனா புள்ள தலை திரும்பலைன்னா என் கை சொல்லிடும்.

ஆளு பத்தலைன்னு ஆஸ்பத்திரி பெரியவங்க கூடிப் பேசுனாங்க. பேசி இன்னா பண்ணாங்க? ஆவடி கேம்புக்கு மண்ணு சுமக்க ஆளு குடுத்துக்கினு இருந்தானே அம்பத்தூர் மேஸ்திரி, அவன் கிட்டயே ஆஸ்பத்திரிக்கும் ஆளு குடுன்னு கான்ட்ராக்ட் குடுத்துட்டாங்க. மண்ணு சுமக்கறதும் புள்ளத்தாச்சிய பாக்கறதும் அவங்களுக்கு ஒண்ணாப் போச்சு. அதோட விட்டாங்களா? பழைய ஆளுங்களும் அவன் மூலமாத்தான் வரணும்னு சொல்லிட்டாங்க. நேத்து வரைக்கும் நான் ஆஸ்பத்திரி ஆளு. விடிஞ்சா மேஸ்திரி ஆளு.

அவன் ஆளுன்னுகூட சொல்ல மாட்டான். பில்லைன்னு சொல்வான். தகரத்துல வட்டமா வெட்டி, நம்பர் குத்தி, பின்னாடி ஊக்கு வெச்சது. காலைல ஆஸ்பத்திரி பின் கேட்டுல நின்னுக்கினு, "இன்னிக்கு பன்னெண்டு பில்லை உள்ள போவணும்"னு சொல்லிக் குடுப்பான். நாங்க தோள்ல குத்திக்கணும். உள்ள ஒரு லிஸ்ட் மாட்டியிருந்தாங்க. ஒண்ணு, பெருக்கற வேலை. அஞ்சு, துணி தொவைக்கறது. ஏழு, பிரசவ வேலை தெரியும். அந்த ஏழு நான். டாக்டரம்மா உள்ள வரும்போதே "ஏழு, வெந்நீர்", "ஏழு, பிடி"ம்பாங்க. அவங்க கண்ணு என் தோளோட நின்னுடும், மூஞ்சிக்கு ஏறாது. அவங்களையும் குத்தம் சொல்லணும்னுதான் சொல்றேன். ஒரு வருஷம் அந்தம்மா கூட ரத்தத்துல கை வெச்சு வேலை செஞ்சிருக்கேன்.

என் தங்கச்சியைப் பாரிவாக்கத்துல குடுத்திருந்தோம். மொத ரெண்டு பேறும் வூட்லயே நடந்து ரெண்டு புள்ளையும் தங்கல. ரெண்டாவது வாட்டி அவளே பொழைச்சது பெரும்பாடு. மூணாவது வயித்துல வந்ததும் நான் போய் ஒத்தக் கால்ல நின்னேன், இந்த வாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான்னு. அவ மாமியா ஒத்துக்கல. "ஆஸ்பத்திரிக்குப் போனவங்க நடந்தா திரும்பறாங்க?"ன்னு கேட்டுச்சு. மூணு தடவ போய்ச் சண்டை போட்டேன். கடைசியில மாப்ளதான் எறங்கி வந்தாரு. நல்ல மனுஷன், ஏர் ஓட்டற கை, அதிகம் பேச மாட்டாரு.

"அக்கா, எனக்கு ஆஸ்பத்திரி ஒண்ணும் தெரியாது. உன்னைத்தான் தெரியும். நீ கூட இருப்பியா? இருப்பேன்னு சொல்லு, அனுப்பறேன்"ன்னாரு.

"நான் இருக்கேன் மாப்ள. ஆத்தாளையும் புள்ளையையும் உன் வண்டியில ஏத்தி அனுப்பறது என் பொறுப்பு"ன்னு சொன்னேன். வாய் நெறைய சொன்னேன்.

தங்கச்சிக்கு பயம். "அங்க போய் உன்னை எங்கன்னு தேடுவேன்?"ன்னா. நான் சிரிச்சுக்கினே, "அங்க பேரு சொன்னா எவளுக்கும் தெரியாதுடி. ஏழுன்னு சொல்லு. எங்க இருந்தாலும் ஓடியாந்துருவேன்"னேன். பக்கத்துல நின்ன மாப்ளையும் தலையாட்டி மனசுல வெச்சுக்கினாரு. ஐயோ, இந்த வாயை இன்னா பண்றது.

அவளுக்கு நாள் நெருங்க இன்னும் பதினஞ்சு நாள் இருக்கறப்ப, ஒரு காலைல மேஸ்திரி பின் கேட்டுல என்னை மட்டும் ஓரமா நிறுத்துனான்.

"இன்னாமே, இன்னிக்கு நீ ஆவடி போ. மிலிட்டரி ஆஸ்பத்திரில கட்டு கட்டத் தெரிஞ்ச ஆளு கேக்கறாங்க. மூணு நாளு."

"என்னால முடியாது. என் தங்கச்சிக்கு மாசமாச்சு. நான் இங்க இருக்கணும்."

"எப்ப பெத்துக்குவா?"

"பதினஞ்சு நாள் கீது."

"நான் இன்னா ஒரு மாசமா கேக்கறேன்? மூணே நாளு. லாரி நின்னுக்கினு கீது பாரு, ஏறு." சொல்லிக்கினே என் தோள்ல இருந்த பில்லையக் கழட்டி அவன் சட்டைப் பையில போட்டுக்கினான். "இது இங்கதான் வேணும். அங்க வேற குடுப்பாங்க."

நான் ஏறினேன். மறைக்க மாட்டேன், என் கால்தான் ஏறுச்சு. போவலைன்னா நாளையிலேருந்து எந்த பில்லையும் இல்லைன்னு அவன் சொல்லத் தேவையில்ல, எனக்கே தெரியும். அப்படி ஏறினதுக்கு என் மேல எனக்கு இருக்கற கோவம், அவன் மேல இருக்கறதுக்குக் கொஞ்சமும் கொறைச்சல் இல்ல.

மூணு நாள் அஞ்சாச்சு, அஞ்சு ஒம்போதாச்சு. தெனமும் லாரிக்காரன் கிட்ட சொல்லி அனுப்புவேன். நாளைக்கு மாத்தறேன்னு பதில் வரும். ஒம்போதாம் நாள் மத்தியானம் வைக்கோல் ஏத்திக்கினு வந்த பாரிவாக்கத்து வண்டிக்காரன் என்னைப் பாத்துட்டு, "இன்னா நீ இங்க கீறே? உன் தங்கச்சியை வலி எடுத்து காலைலயே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூட்டாங்களே"ன்னான். கையில இருந்த கட்டுத் துணியை அப்படியே போட்டுட்டு நடந்தேன். நடந்தேன் இன்னா, ஓடினேன். ஆவடியிலேருந்து பூந்தமல்லி எவ்வளவு தூரம்னு ஓடிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

அங்க காலைலேருந்து நடந்ததை நான் அப்புறமாத்தான் நாலாம் கட்டில் பொம்பளையும் மத்தவங்களும் சொல்லித் தெரிஞ்சுக்கினேன். இருந்தாலும் இங்கயே சொல்லிடறேன்.

மாப்ள வண்டி பூட்டி அவளை இட்டுக்கினு வந்திருக்காரு. முன் கேட்டுல வாட்ச்மேன் கிட்ட, "ஏழாம் நம்பர் உள்ள கீறாங்களா?"ன்னு கேட்டிருக்காரு. "கீறாங்க, காலைலயே வந்துட்டாங்க"ன்னு அவன் சொல்லிட்டான். பொய் இல்ல. ஏழு உள்ளதான் இருந்துச்சு. ஆம்பளைங்களை வார்டுக்கு விட மாட்டாங்க, அவரு நிம்மதியா கேட்டாண்ட இருந்த புளிய மரத்தடியில போய் உக்காந்துட்டாரு.

என் பில்லையக் குத்திக்கினு உள்ள இருந்தது ஒரு செங்கல் சூளைக்காரி. மழைக்கு சூளை நின்னு போச்சு, மேஸ்திரி கிட்ட வேலை கேட்டு வந்திருக்கா. மூணு நாள் முன்னாடிதான் அவளை ஆஸ்பத்திரிக்குள்ள விட்டான். அவளுக்கு அவன் சொல்லிக் குடுத்தது ரெண்டே பாடம். ஏழுன்னு கூப்பிட்டா நீ ஓடணும். கீழ ஒரு சொட்டு ரத்தம் இருந்தா டாக்டரம்மா கத்துவாங்க, உன்னைத் தொரத்திடுவாங்க. அவ்வளவுதான் பாடம். பாவி, அவ அதை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் பண்ணிக்கினா.

அன்னிக்கு டாக்டரம்மா வர நாள். புள்ளைய அவங்கதான் எடுத்தாங்க. பொண்ணு, பொறந்ததுமே வார்டு அதிர அழுதுச்சாம். நஞ்சுக்கொடியும் விழுந்துடுச்சு. "ஏழு, மூணாம் கட்டிலைப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு டாக்டரம்மா வராந்தாவுக்குப் போயிட்டாங்க. லிஸ்ட்ல ஏழுக்கு நேரா பிரசவ வேலை தெரியும்னு இருக்கே, அவங்களுக்கு இன்னா கவலை.

கொஞ்ச நேரத்துல தங்கச்சிக்கு ஒடம்பு ஒரு மாதிரி வந்திருக்கு. "ஏழாம் நம்பரைக் கூப்பிடுங்க, எனக்கு ஏழு வேணும்"னு சொல்லியிருக்கா.

"நான்தான் ஏழு, இங்கதாம்மா கீறேன்"னு சூளைக்காரி போய் நின்னிருக்கா.

"நீ இல்ல, ஏழு."

"நான்தாம்மா. இதோ பாரு"ன்னு தோளைக் காட்டியிருக்கா. தங்கச்சி அந்தத் தகரத்தையே பாத்துக்கினு இருந்தாளாம். அதுக்கப்புறம் யாரையும் கூப்பிடலையாம்.

ரத்தம் போயிக்கினே இருந்திருக்கு. எங்க பக்கத்துல புள்ள பெத்தவளுக்குப் போற ரத்தத்தை அழுக்குன்னுதான் சொல்லுவாங்க. எவ்வளவு போவுதோ அவ்வளவு நல்லது, வயிறு சுத்தமாவும்னு பெரிய பெரிய பொம்பளைங்களே நம்பினாங்க. சூளைக்காரியும் அப்படித்தான் நெனைச்சா. ஆனா கீழ ஒரு சொட்டு இருக்கக் கூடாது. துணி நனைஞ்சா உடனே உருவி வேற வெச்சா. உருவினதைக் குழாயடியில கசக்கி அலசிக் கொடியில போட்டா. விரிப்பை மாத்துனா, தரையைத் தொடைச்சா. கெளம்பறதுக்கு முன்னாடி டாக்டரம்மா வந்து எட்டிப் பாத்திருக்காங்க. வெள்ளை விரிப்பு, பளிச்சுனு தரை, கண்ணை மூடிப் படுத்திருக்கற பொம்பள. "சபாஷ் ஏழு, சுத்தமா வெச்சிருக்கே"ன்னு சொல்லிட்டு மோட்டார் ஏறிட்டாங்க.

பிரசவ வேலையில எனக்கு நர்சம்மாங்க சொல்லிக் குடுத்த மொத விஷயமே அதுதான். துணியைக் காட்டாம கழுவாதே. நனைஞ்ச துணி அத்தினியும் கட்டில் கீழ பேசின்ல கெடக்கணும். டாக்டர் கண்ணுல அது படணும், அப்பதான் எவ்வளவு போச்சுன்னு தெரியும். அதிகம்னா அடிவயித்துல கை வெச்சு அழுத்திப் பிசையணும். உள்ள கெட்டித் தேங்கா மாதிரி கையில தட்டுப்படற வரைக்கும் விடக் கூடாது. இவ்வளவுதான். பெரிய சாஸ்திரம் ஒண்ணும் இல்ல. ஒரு நாள் கூட நின்னிருந்தா சூளைக்காரிக்கே சொல்லிக் குடுத்திருக்கலாம்.

நான் பின் கேட்டு வழியாத்தான் உள்ள ஓடினேன். ஆயாங்களுக்கு முன் கேட்டு கெடையாது. மொதல்ல கண்ணுல பட்டது துணிக்கொடி. ஒரு பிரசவத்துக்கு அவ்வளவு துணி ஆவாது. வரிசையா, அழகா, சுருக்கம் இல்லாம இழுத்துக் காயப் போட்டிருந்துச்சு. வெய்யில்ல பழுப்பா கறை தெரிஞ்சுது. உள்ள போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

தங்கச்சி கை சில்லுனு இருந்துச்சு. வயித்துல கை வெச்சேன், கொழகொழன்னு கெடந்துச்சு. அழுத்தினேன், பிசைஞ்சேன், என் தோள்பட்டை கழண்டு விழற வரைக்கும் பிசைஞ்சேன். போறதுக்கு உள்ள ரத்தமே இல்ல. ஒரு தடவ கண்ணைத் தொறந்தா. என்னைத் தெரிஞ்சுதா தெரியலையான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. வெய்யில் எறங்கறதுக்குள்ள போயிட்டா.

சூளைக்காரி செவுத்தோரமா நின்னா. போய்க் கொத்தா அவ மயிரைப் புடிச்சேன். கொன்னுடற வெறி. அவ கையெடுத்துக் கும்பிட்டுக்கினு, "கீழ ஒரு சொட்டு இல்லாம பாத்துக்கினேன்கா, வேணும்னா பாரு"ன்னா. நான் தரை அழுக்குக்குத்தான் கோச்சுக்கறேன்னு நெனைச்சிருக்கா. எதுக்காக அடி வாங்கறோம்னு கூடத் தெரியாதவளை இன்னான்னு அடிக்கறது? கையை விட்டுட்டேன்.

வெளிய போய் மாப்ள கிட்ட நான்தான் சொன்னேன். அவரு அழல. என்னையே பாத்தாரு.

"நீதானேக்கா கூட இருந்தே?"

"நான் இல்ல மாப்ள. நான் ஆவடியிலேருந்து இப்பதான் ஓடியாரேன்."

"காலைல நான் கேட்டுத்தானே உள்ள அனுப்புனேன். ஏழு உள்ள கீதுன்னு சொன்னாங்க. இந்த கேட்டாண்டதான் பொழுதன்னிக்கும் உக்காந்துகினு கீறேன். நீ வந்து நான் பாக்கலையே."

பின் கேட்டு, பில்லை, மேஸ்திரி, சூளைக்காரின்னு நான் சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு மாதிரிதான் கேட்டுச்சு. ஏழுன்னா நான்னு அவருக்குச் சொன்னவளே நான்தானே. புள்ளைய வாங்கித் துண்டுல சுத்திக்கினு, பொணத்தை வண்டியில ஏத்திக்கினு போயிட்டாரு. சாவுக்கு நான் போனேன். வாசல்லயே மாமியா நிறுத்திடுச்சு.

பதினாறு முடியல. மேஸ்திரி ஆளு அனுப்பாம அவனே என் வூட்டு வாசல்ல வந்து நின்னான். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருக்கான்னு நெனைச்சேன்.

"டாக்டரம்மா ரொம்ப கோவமா கீறாங்கமே. ஏழு சரியா பாக்கலைன்னு எழுதிட்டாங்க. ஏழாம் நம்பரை எடுத்தாச்சு. நீ ஒண்ணும் பயப்படாதே. நாளைக்கு பதினொண்ணா வந்துடு."

எனக்கு மொதல்ல புரியல. புரிஞ்சப்புறம் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் ஆத்தா, அப்பன், அவன் வம்சம், ஒண்ணு விடல. தெருவே கூடிடுச்சு. அவன் கோச்சுக்கவே இல்ல. நெத்தி வேர்வையைத் தொடைச்சுக்கினு நிதானமா கேட்டான்.

"என்னை இன்னா பண்ணச் சொல்றே? படிச்ச நர்சுங்க யாரும் வர மாட்டேன்றாங்க. ஆவடிக்கும் ஆளு வேணும், இங்கயும் ஆளு வேணும். நான் எங்க போய் செய்யறது ஆளு, களிமண்ணுலயா? நான் நாளைக்கு வரலைன்னா அந்த ஆஸ்பத்திரிக்கு பூட்டுதான். அப்ப இன்னும் எத்தினி பேர் சாவாங்கன்னு நீயே சொல்லு."

அவன் சொன்னதுல பாதி நெசம். அந்தப் பாதிதான் என் வயித்தை எரிக்குது. ஆளு இல்லாததை அவன் உண்டாக்கல. ஆளு இருக்கற மாதிரி காட்டினான், அதைத்தான் பண்ணான். காலியா கெடக்கற எடம்னு தெரிஞ்சிருந்தா டாக்டரம்மா அவங்களே இன்னும் ஒரு நாழி நின்னிருப்பாங்க. மாப்ள புளிய மரத்தடியில உக்காந்திருக்க மாட்டாரு. என் தங்கச்சியும் விடாம கத்தியிருப்பா.

மறுநாள் பதினொண்ணைக் குத்திக்கினு போனேன். பொழைப்புக்காகப் போகல, டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு போனேன். அவங்க வந்து உக்காந்தாங்க. வழக்கம் போல தோளைப் பாத்தாங்க.

"பதினொண்ணு. புதுசா? பிரசவ வேலை தெரியுமா?"

"தெரியும்."

அப்பதான் நிமிந்து பாத்தாங்க. "உன்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே"ன்னாங்க.

ஆறு கட்டிலும் கேக்கற மாதிரி சொன்னேன். ஒரு வருஷமா உங்க கூட நின்ன ஏழு நான்தான். செத்துப் போனவ என் கூடப் பொறந்தவ. அன்னிக்கு நான் ஆவடியில இருந்தேன். நீங்க சபாஷ் சொன்னது செங்கல் சுமக்கறவளுக்கு. டாக்டரம்மா லிஸ்ட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அப்புறம் எழுந்து நின்னாங்க. "அன்னைக்கு விரிப்பு வெள்ளையா இருந்தது"ன்னாங்க. குரல் எறங்கிப் போயிருந்துச்சு. வேற ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க.

அதுக்குள்ள ரெண்டாம் கட்டில்ல, அன்னிக்குக் காலைல பெத்தவ, கத்துனா. ஓடிப் போய் விரிப்பைத் தூக்குனேன். கொடகொடன்னு ஊத்துது. நான் யோசிக்கல, ரெண்டு கையையும் அவ வயித்துல வெச்சு அழுத்துனேன். டாக்டரம்மா ஊசி எடுக்க ஓடுனாங்க, போட்டாங்க. "விடாதே, அப்படியே பிசை"ன்னாங்க. விடுவேனா.

அந்த நேரத்துலதான் வார்டு வாசல்ல நிழல் விழுந்துச்சு. மாப்ள. முழங்கை கிட்ட சட்டை கிழிஞ்சு, மழிக்காத தாடியோட. சாவுச் சீட்டுக்கு டாக்டரம்மா கையெழுத்து வேணும்னு ஆபீஸ்ல உள்ள அனுப்பியிருக்காங்க. அவரு என்னைப் பாத்தாரு, என் தோளைப் பாத்தாரு, என் கை எங்க இருக்குன்னு பாத்தாரு.

"இன்னமும் இங்கதான் கீறியா"ன்னாரு. சத்தம் போடல. "இவளுக்கு பண்றே. அவளுக்கு ஏன்க்கா பண்ணலே?"

டாக்டரம்மாவுக்கு அப்ப எல்லாம் தெரியும். நான் சொல்லி அரை நாழிகூட ஆவல. அன்னிக்கு இவ இங்க இல்லைய்யான்னு நாலு வார்த்தை, அவங்க வாய்லேருந்து வந்திருந்தா மாப்ள நம்பியிருப்பாரு. படிச்சவங்க, துரைசானி மாதிரி இங்கிலீஷ் பேசறவங்க, அவங்க சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. சொன்னா, லிஸ்ட்டைப் பாத்து ஆளை நம்புனது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அவங்க சீட்டை வாங்குனாங்க, கையெழுத்துப் போட்டாங்க, குடுத்தாங்க, பேனாவை மூடிக்கினாங்க.

என் கைக்கு அடியில அப்பதான் கெட்டிப்பட ஆரம்பிச்சுது. கையை எடுத்தா மறுபடி தளந்துடும். மாப்ள, நில்லு, ஒரு நிமிஷம் நில்லுன்னேன். அவரு சீட்டை மடிச்சு மடியில செருகிக்கினு போயிட்டாரு. அந்த ரெண்டாம் கட்டில்காரி பொழைச்சுக்கினா. நான் கையை எடுக்கறப்ப அவர் வண்டி பாரிவாக்கம் போய்ச் சேந்திருக்கும்.